ஆறு மணி அளவு

கோரையாற்றுத் தலைப்பில், காலை ஆறு மணிக்கு,
சுவரில் பதித்த அளவுகோலைப் பார்த்துச் சொல்வது என் வேலை.
நாலு அடி இரண்டு அங்குலம்.
மறுமுனையில் எழுதிக்கொள்வார்கள்.
அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை,
இருபத்திரண்டு வருஷமாக.

இன்று தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில்
உத்திராபதி, நாற்பத்தொன்பது என்று எழுதிவிட்டு
ஜெசிந்தா கேட்கிறாள்:
"கடந்த ஏழு நாட்களில் தங்கள் வயிற்று வலியை
சைபர் முதல் பத்து வரையிலான எண்ணால் குறிப்பிடுக."
அச்சடித்த தமிழ். அவள் வாயிலேயே ஒட்டவில்லை.
"எவ்ளோ வலின்னு கேக்குறாங்கண்ணே."

எந்த நேரத்து வலி, தங்கச்சி?
ஷட்டர் ஏற்றுவதற்கு முன்னா, பின்னா?
சாப்பிட்டு முக்கால் மணி கழித்தா,
சாப்பிடாமலே இருந்துவிட்ட நாளுக்கா?

நாலு என்றேன். போன தடவையும் நாலுதான்.
நாலு நல்ல எண். கேட்டு யாரும் பதறமாட்டார்கள்,
ஒன்றுமில்லை என்று அனுப்பியும் விடமாட்டார்கள்.

டாக்டருக்குச் சந்தோஷம்.
ரத்தத்தில் அழற்சி இறங்கிவிட்டது.
ஸ்கேனில் சீழ்ப்பை சுருங்கிவிட்டது.
பௌத்திரத்துக்குள் கோத்துக் கட்டிய நூல்
இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது.
குரோன் என்றால் என்னவென்று முதல் வருஷம்
அவர் படம் போட்டுக் காட்டியபோது
நான்தான் சொன்னேன்: நண்டு வளை சார்.
கரை மேலே புல் பச்சையாக நிற்கும்,
உள்ளே தண்ணீர் தனக்கொரு வழி பார்த்துக்கொண்டிருக்கும்.
மற்ற நோயாளிகளுக்கும் இப்போது
அதைத்தான் சொல்கிறாராம்.

"கழிப்பறை அருகில் இல்லாததால் பயணத்தைத் தவிர்த்தீர்களா?"
தவிர்க்கவில்லை. வந்து உட்கார்ந்திருக்கிறேனே.
நேற்று மத்தியானத்தோடு சோற்றை நிறுத்தினேன்.
மன்னார்குடியில் ஒரு முறை,
வடுவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு முறை.
அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம்.
அங்கே டீக்கடைக்காரர் இப்போதெல்லாம்
கேட்காமலே சாவியை நீட்டுகிறார்.
'இல்லை'யில் டிக் விழுந்தது.

வைரக்கண்ணு ஞாபகத்துக்கு வந்தார்.
போன ஆவணியில், முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடையிலிருந்து
டிவிஎஸ் ஃபிஃப்டியை உருட்டிக்கொண்டு வந்தவர்.
"நாலு ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க.
என் வயல்ல வெடிப்புக்குள்ள கால் போவுதுய்யா."
நான் கோலைக் காட்டினேன்.
அவர் காலைக் காட்டினார்.

அவரிடம் சொல்லாதது ஒன்று.
அன்று காலை நான் கோல் பக்கம் போகவேயில்லை.
கக்கூஸில் குந்தியிருந்தபடி, போனில்,
முந்தின நாள் அளவைச் சொன்னேன்.

கடைசிப் பக்கம்.
"சமூக நிகழ்ச்சிகளில் பங்கேற்க முடிந்ததா?"
முடிந்தது. மகள் நிச்சயதார்த்தம், மூன்று வாரம் ஆகிறது.
பேனா 'ஆம்' கட்டத்துக்குப் போனது.
இரு, தங்கச்சி.

பந்தியில் நான் உட்காரவில்லை.
உட்கார்ந்தால் நூல் அறுக்கும்.
சாப்பிட்டால் சம்பந்தி எதிரில் எழுந்து ஓடவேண்டும்.
சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டேன்,
மூன்று பந்திக்கும் நானே.
வேட்டிக்குள் பழைய புடவைத் துணி, நாலாக மடித்து.
"பொண்ணப் பெத்தவர்னா இப்படியில்ல இருக்கணும்" என்றார் சம்பந்தி.
எல்லாப் போட்டோவிலும் நின்றுகொண்டிருக்கிறேன்.
சௌந்தரவல்லிக்கு மட்டும் தெரியும்.
அவளும் கிட்டே வந்து
வடை பத்துமா என்றுதான் கேட்டாள்.

இதற்கு எந்த எண்?

ஜெசிந்தா கட்டங்களுக்குள் மேலும் கீழும் தேடினாள்.
அடியில் 'பிற' என்று இரண்டு வரி விட்டிருந்தது.
எழுத்தைப் பொடியாக்கி எழுதினாள்.
சாம்பார் வாளியோடு இடம் தீர்ந்தது.
தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் தொடர்ந்தாள்.
வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை.

பிறகு முதல் பக்கத்துக்கு வந்து
பேனா முனையை வலியின் மேல் வைத்தாள்.
"இந்த நாலை என்னண்ணே பண்றது?"

அடிச்சிடு தங்கச்சி.
அது முந்தின நாள் அளவு.